பூ பூத்த மனை

ஈரச் சேற்று வாடை எங்கே அடித்தாலும் எனக்குச் செங்கல்பட்டு ஸ்டேஷன்தான் நினைவுக்கு வரும். தண்டவாளத்தை ஒட்டிக் கிடக்கும் ஏரியின் மூச்சு ரயில் பெட்டிக்குள்ளேயே வந்துவிடும். இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் ஒரு கோடை. வாடகை வீட்டிலிருந்து தப்பிக்க, சேமிப்பு மொத்தத்தையும் போட்டு மனை வாங்க மனைவியோடு அங்கே இறங்கினேன். முன்பணம் என் பையில் இருந்தது.

நாங்கள் கேட்காமலே தரகர் இளநீர் வெட்டிக் கொடுத்தார். அந்த உபசாரமே எனக்கு உறுத்தியது. மனையில் செம்மண் புதிதாகக் கொட்டியிருந்தது. எல்லைக் கற்களில் சுண்ணாம்புகூடக் காயவில்லை.

“செங்கல் சூளையால வந்த பேர்தானே இந்த ஊருக்கு?” என்று பேச்சுக்குக் கேட்டேன்.

“இன்னா சார், படிச்சவரு இப்படிச் சொல்றீங்க! செங்கழுநீர்ப் பூவால வந்த பேரு. வெள்ளைக்காரன் வாயில நுழையாம அவன் ஒண்ணு எழுதிக்கினான், ரயில்காரனும் அதையே போர்டுல ஏத்திட்டான். அந்தப் பூ பூத்த எடம் எது தெரியுமா? நீங்க நின்னுகினு கீறீங்களே, இதான்! எங்க தாத்தாவே பறிச்சிருக்காரு.”

ஒரு கணம் என் சந்தேகமெல்லாம் கரைந்துவிட்டது. பூ பூத்த மண்ணில் வீடு!

மனைவி இளநீரைக் கீழே வைத்தாள். “அது தண்ணியில பூக்குற பூவாச்சே. உங்க தாத்தா நடந்து போய்ப் பறிச்சாரா, நீஞ்சிப் போயா?”

தரகர் சிரித்தார், சிரிப்பு சீக்கிரமே நின்றுவிட்டது. என் பையைப் பார்த்தபடியே பிளாட்பாரம் வரை கூட வந்தார். வண்டி அசைந்ததும் மனைவி ஜன்னல் வழியே சொன்னாள்: “ஐப்பசி மழையில வந்து ஒரு தடவை பாத்துட்டு முன்பணம் தர்றோம்ணே.”

அவர் வண்டியோடு ஓடிவந்தார். “மழையில இன்னாத்துக்கு அக்கா பேஜாரு? தை பொறக்கட்டும், வாங்க!”