லாரியும் ஜீப்பும்

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் என் மகன் பொம்மை ரோபோவை டக்கென்று இரண்டு வண்டிகளாகப் பிரித்தான். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

என்னிடமும் அப்படி ஒன்று இருந்தது. பிரித்தால் லாரி, ஜீப். அப்பா அம்மாவை விட்டு விழுப்புரம் போனபோது அண்ணனையும் கூட்டிக்கொண்டார். லாரி அவனோடு போயிற்று, ஜீப் என்னிடம் தங்கியது. ஞாயிறுதோறும் அப்பா அவனை இதே பஸ் ஸ்டாண்டுக்கு அழைத்துவருவார்; அம்மாவும் நானும் காத்திருப்போம். இறங்கியதும் முதல் வேலையாக ரோபோவைச் சேர்ப்போம்.

ஒரு ஞாயிறு எவ்வளவு அழுத்தியும் சேரவில்லை. லாரியின் கொக்கியைப் பசை மூடியிருந்தது.

"ஆடிக்கினே இருந்துச்சு, ஒட்டிட்டேன். இனிமே கழண்டுக்காது," என்றார் அப்பா, பெருமையாக. அம்மா என்னிடமிருந்து ஜீப்பை வாங்கிப் பையில் போட்டாள்.

"பஸ் வந்துடுச்சுப்பா," என்றான் மகன்.

"மொதல்ல ரெண்டையும் சேத்துடு. அப்புறம் ஏறலாம்."