திருடு போகாத ஸ்கூட்டர்

பூந்தமல்லி, திருவேற்காடு, ஆவடி என்று இந்தப் பக்கத்தில் பல வருஷமாக வீடு வாங்கி விற்றுக் கொடுக்கிற வேலை செய்கிறேன். போனில் என் குரலைக் கேட்டதும், "புரோக்கர் அண்ணன் இல்லீங்களா?" என்று கேட்பவர்கள் இன்னும் உண்டு. அண்ணனும் நான்தான் என்று சொல்லிவிட்டு, எந்தப் பக்கம் வீடு பார்க்கிறீர்கள் என்று ஆரம்பித்துவிடுவேன்.

வருகிறவர்கள் முதலில் தண்ணீரைப் பற்றிக் கேட்பார்கள், அப்புறம் பட்டாவைப் பற்றி. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பும்போதுதான் குரலைத் தாழ்த்தி, "ஏரியா சேஃப்டிதானே?" என்பார்கள். அந்த ஒரு கேள்விக்குள் பல கேள்விகள் இருக்கும். வயசுப் பெண்ணை வைத்திருப்பவர்கள் கேட்பது தெருவிளக்கைப் பற்றி. பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுத் தனியாக இருப்பவர்கள் கேட்பது பூட்டைப் பற்றி. "அக்கம்பக்கத்துல எந்த மாதிரி ஆளுங்க?" என்று இழுப்பவர்கள் எதைக் கேட்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். தெரியாதது போல, "எல்லாரும் ஒழுங்கா வீட்டு வரி கட்டுறவங்க சார்" என்று முடித்துக்கொள்வேன்.

ஆவடியிலிருந்து வந்த அந்த சாருக்கு மட்டும் தண்ணீரும் பட்டாவும் ஞாபகத்துக்கே வரவில்லை. எடுத்த எடுப்பில் திருட்டில்தான் ஆரம்பித்தார்.

பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை. மற்றவர்கள் செய்து முடித்த உருப்படியைத் தட்டி, திருகி, அளந்து பார்த்து, சரியென்றால் முத்திரை வைக்கிற பிரிவில் இருந்தவர். கல்யாணமான நாளிலிருந்து குவார்ட்டர்ஸ் வாசம். சுற்றிலும் மதில், வாசலில் காவல். ஓய்வு பெறும் நாள் நெருங்கியதும், காவல் இல்லாத ஒரு தெருவில் முதல்முறையாகப் படுத்துத் தூங்க வேண்டுமே என்ற கவலை அவரைப் பிடித்துக்கொண்டது. மனைவிக்கு அப்படி ஒன்றும் இல்லை. இருவருக்கும் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். எந்த வீட்டைக் காட்டினாலும் அந்தம்மா நேராகச் சமையலறைக்குப் போய் ஜன்னலைத் திறப்பார். பக்கத்து வீட்டில் யாராவது தென்படுகிறார்களா என்று பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் மூடிவிடுவார்.

அண்ணனூரில் ஒரு வீடு காட்டினேன். ரயில் போகிற சத்தத்தில் திருடன் பூட்டை உடைத்தால் கேட்காது என்றார். திருவேற்காட்டில் காட்டினேன். கோயில் கூட்டத்தில் யார் பக்தர், யார் திருடன் என்று எப்படிப் பிரிப்பது என்றார். சரி, ஆளரவமே இல்லாத இடமாகப் பார்ப்போம் என்று அம்பத்தூரில் ஒரு முட்டுச் சந்துக்குக் கூட்டிப் போனேன். இவ்வளவு அமைதியாக இருந்தால் கூப்பிட்டால் யார் வருவார்கள் என்றார். மனிதர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறதே என்று எனக்கே அடிக்கடி தோன்றியதுதான் இதில் பெரிய தொல்லை.

கடைசியாக, பூந்தமல்லியில் பெரிய சாலைக்குப் பின்னால் ஒரு சின்னத் தெருவில் தனி வீடு. சொந்தக்காரர் கோயம்புத்தூரில் மகனோடு இருக்கிறார். சாவி எதிர்வீட்டு அக்காவிடம். மெத்தைக்கடை அக்கா என்றால் அந்தத் தெருவில் எல்லாருக்கும் தெரியும். அவர்கள் குடும்பம் பஜாரில் தலைமுறையாகப் பஞ்சு மெத்தை வியாபாரம் செய்கிற முஸ்லிம் குடும்பம். கோயம்புத்தூர்க்காரர் அந்த அக்காவைக் கேட்காமல் ஒரு ஆணிகூட அடிக்கவிட மாட்டார்.

வீட்டைப் பார்த்துவிட்டு சார் முதல்முறையாக ஒரு குறையும் சொல்லவில்லை. இன்னொரு தடவை, நான் கூட இல்லாமல் வந்து பார்க்க வேண்டும் என்றார். எல்லோரும் கேட்பதுதான், தாராளமாக வாருங்கள் என்றேன். அவர் மனதில் என்ன இருந்தது என்பது எனக்குத் தெரியாது.

அவர் வந்த அன்று நான் அம்பத்தூரில் வேறொரு பார்ட்டியின் பத்திரப் பதிவில் இருந்தேன். நடந்ததையெல்லாம் பிறகு ஆளாளுக்குச் சொல்லக் கேட்டுத்தான் கோத்துக்கொண்டேன்.

நல்ல வெயில். சாரும் அந்தம்மாவும் ஸ்கூட்டரில் வந்து இறங்கியிருக்கிறார்கள். அந்தம்மா சாவி வாங்க மெத்தைக்கடை அக்கா வீட்டுக்குப் போக, அந்த அக்கா மாடிக்குக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேச ஆரம்பித்துவிட்டார். சார் ஸ்கூட்டரைத் தெருவின் நட்டநடுவில் நிறுத்தினார். சாவியை அதிலேயே விட்டார். பிறகு முனையிலிருந்த டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்து, செய்தித்தாளை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். தெருவைச் சோதித்து முத்திரை வைக்கப் போகிறாராம்.

நாலாவது வீட்டு ஷேர் ஆட்டோ டிரைவர் மதியச் சாப்பாட்டுக்கு வந்திருக்கிறார். நல்ல மனிதர், கொஞ்சம் உரத்த குரல். சாவியோடு நிற்கிற ஸ்கூட்டரைப் பார்த்ததும், யாருது இது என்று தெரு முழுக்கக் கேட்கும்படி கேட்டிருக்கிறார். பதில் இல்லை. சரி, எவனாவது தள்ளிக்கொண்டு போய்விடப் போகிறான் என்று சாவியை உருவி இடுப்பில் செருகிக்கொண்டார். செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்த சார் நிமிர்ந்து உட்கார்ந்தார். வெயிலில் சீட்டு காய்கிறதே என்று டிரைவர் ஸ்கூட்டரையும் தள்ளித் தன் வீட்டு காம்பவுண்டுக்குள் விட்டார். சார் டீக்கு உண்டானதை வைத்துவிட்டு எழுந்தார்.

உடனே போய் என் வண்டி என்று சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் வேலை பார்த்த காலம் முழுக்க ஆதாரம் இல்லாமல் ஒரு வார்த்தை பேசாதவர் ஆயிற்றே. பூனை மாதிரி நடந்து போய், ஓரமாகக் கிடந்த செங்கல் அடுக்கின் மேல் ஏறி, காம்பவுண்டுச் சுவருக்கு மேலே கையை நீட்டி, வண்டியோடு நின்ற டிரைவரைப் படம் எடுத்தார். டிரைவர் சாப்பிட உள்ளே போன பிறகும் இறங்காமல், வண்டி நம்பர் சரியாக விழவில்லை என்று இன்னொன்று எடுத்தார். துணி காயப்போட வந்த டிரைவரின் மனைவி பார்த்தது, சுவருக்கு மேலே ஒரு தலையும் ஒரு போனும்.

அவர் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. டிரைவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்து சாரின் சட்டையைப் பிடித்தார். சார் டிரைவரின் சட்டையைப் பிடித்தார். திருடன் என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னதால், யாரை அடிப்பது என்று கூட்டத்துக்குக் கொஞ்ச நேரம் புரியவில்லை. அந்தக் குழப்பம்தான் சாரைக் காப்பாற்றியது. அதற்குள் டீக்கடைக்காரர் வந்து, இந்த ஆள் வெகுநேரமாகப் பேப்பரைத் தலைகீழாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்று சாட்சி சொல்லிவிட்டார். தலைகீழாக இல்லை என்று சார் இன்றுவரை சாதிக்கிறார்.

"யாரு நீ, எந்த ஊட்டுக்கு வந்துகினே?" என்று டிரைவர் கேட்டார்.

வீடு வாங்க வந்தேன், கூடவே மனைவியும் வந்திருக்கிறாள் என்றார் சார். அவர் காட்டிய வீடு பூட்டிக் கிடந்தது. மனைவி எங்கே என்றால், சாவி வாங்கப் போனாள் என்று இழுத்தார். அப்போதுதான் சத்தம் கேட்டு எதிர்வீட்டு பால்கனியில் மெத்தைக்கடை அக்காவும் அந்தம்மாவும் வந்து நின்றார்கள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அந்த நிமிஷம்வரை அந்தம்மா மாடியில் தன் வீட்டுக்காரரைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார். தொழிற்சாலையில் அவருக்கு எவ்வளவு மரியாதை, அவர் நடந்து வந்தால் எல்லோரும் எழுந்து நிற்பார்கள், அநாவசியமாக ஒரு வார்த்தை பேச மாட்டார் என்றெல்லாம். கீழே பார்த்தால் பொத்தான் அறுந்த சட்டையோடு, தலையெல்லாம் சுண்ணாம்பாக, நாலு பேர் பிடியில் அவர் நிற்கிறார்.

இந்த ஆளை உங்களுக்குத் தெரியுமா என்று கீழேயிருந்து யாரோ கேட்டார்கள்.

அந்தம்மா கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "தெரியலையே" என்றார்.

சார் அதற்குப் பிறகு சண்டையே போடவில்லையாம். டிரைவரின் சட்டையைப் பிடித்திருந்த கையும் தானாகக் கீழே இறங்கிவிட்டதாம். மெதுவாக என் நம்பரைச் சொன்னார். டீக்கடைக்காரர் போன் போட்டு, உங்கள் பார்ட்டி என்று சொல்லிக்கொண்டு ஒருவர் பிடிபட்டிருக்கிறார், வந்து அடையாளம் காட்டுங்கள் என்றார்.

பதிவு அலுவலகத்தில் அரைகுறையாகச் சொல்லிக்கொண்டு வண்டியை எடுத்தேன். நான் போய்ச் சேர்ந்தபோது சார் டிரைவர் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கையில் மோர் டம்ளர். பிடிபட்டவரானாலும் அந்த வெயிலில் சும்மா உட்காரவைக்க டிரைவரின் மனைவிக்கு மனசு வரவில்லை. சுற்றி நின்றவர்களுக்கு சார், மதில் சுவரின் மேல் கண்ணாடிச் சில்லு பதிப்பதில் உள்ள நன்மைகளை விளக்கிக்கொண்டிருந்தார்.

இவர் என் பார்ட்டிதான், வண்டியும் அவருடையதுதான் என்று நான் சொன்னதும் கூட்டம் இளகியது. அம்மா எங்கே என்று கேட்டேன். சார் டம்ளரோடு கையை மேலே காட்டினார்.

"அங்கதான் இருக்கா. ஆனா அவளுக்கு என்னைத் தெரியாதாம்."

அந்தம்மா கீழே இறங்கி வந்தார். முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை. கோபம் வந்தால் அவருக்கு ஊர்ப் பேச்சு வந்துவிடும் என்பதை அன்றுதான் பார்த்தேன்.

"செவரு மேல ஏறி அடுத்த வீட்ட எட்டிப் பாத்துக்கிட்டு நிக்கீய. உங்கள என் வீட்டுக்காரருன்னு எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுச் சொல்லச் சொல்லுதீய?"

மெத்தைக்கடை அக்காதான் முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும். சாரும் டிரைவரும் மட்டும் சிரிக்கவில்லை.

அன்று சாயங்காலமே சார் போன் செய்தார். இந்தத் தெருதான், முடித்துவிடுங்கள் என்றார். சாவி கிடந்தால் எடுத்து வைக்கிறார்கள், வண்டி காய்ந்தால் நிழலில் விடுகிறார்கள், அந்நியன் வந்தால் பிடிக்கிறார்கள், இதற்கு மேல் என்ன வேண்டும் என்றார். குவார்ட்டர்ஸ் காவல்காரர்கள் தன்னை ஒருநாள்கூட இப்படி மடக்கியதில்லை என்று சொல்லும்போது குரலில் ஒரு பெருமை.

அடுத்த அழைப்பு டிரைவரிடமிருந்து.

"அக்கா, அந்த சார் நம்ம தெருவுக்கு வாணாம். வேற யாரையாவது இட்டுனு வா."

இத்தனை வருஷத்தில் நான் பார்ட்டிகளிடம் தெருவைப் புகழ்ந்திருக்கிறேன். தெருவிடம் பார்ட்டியைப் புகழ்ந்து எனக்குப் பழக்கமே இல்லை. ஆனாலும் போனேன். டிரைவர் வீட்டு வாசல் திட்டில் உட்கார்ந்து, சாருக்கு ஒரு கெட்ட பழக்கமும் கிடையாது, பாட்டைச் சத்தமாக வைக்க மாட்டார், வண்டியை அடுத்தவர் வாசலில் நிறுத்த மாட்டார் என்றெல்லாம் அடுக்கினேன். நடுத்தெருவில் நிறுத்துவார் என்றார் டிரைவரின் மனைவி.

டிரைவருக்குக் குறை வேறு. தன்னைத் திருடன் என்று நினைத்து ஒரு மனிதன் படம் எடுத்துப் போனில் வைத்திருக்கிறானே, அதுதான் அவருக்கு ஆறவில்லை. பேச்சு அங்கேயே நின்றுவிட, மெத்தைக்கடை அக்காவிடம் போனேன். அவர் யோசிக்கவே இல்லை.

"அந்தம்மா எங்களுக்கு வேணும். அவங்களுக்காக அவரையும் வச்சிக்குவோம்" என்றார்.

அக்கா சொன்னால் கோயம்புத்தூர்க்காரருக்கு மறுபேச்சு இல்லை. பாக்கி இருந்தது படம்தான். சாரை டிரைவர் வீட்டுக்குக் கூட்டிப் போனேன். அழித்துவிடுகிறேன் என்று போனை எடுத்தவருக்கு எப்படி அழிப்பது என்று தெரியவில்லை. டிரைவர் போனைப் பிடுங்கிக்கொண்டார். படத்தைத் திறந்தார். திறந்தவர் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். மனைவியையும் கூப்பிட்டுக் காட்டினார்.

எட்டிப் பார்த்தேன். ஸ்கூட்டர் கைப்பிடியில் ஒரு கை, மறு கையால் தலைமுடியைக் கோதிக்கொண்டு, முகத்தில் வெயில் விழ, மனிதர் கம்பீரமாகத்தான் இருந்தார்.

"சார், இத எனக்கு அனுப்பிட்டு அப்பால அழிங்க" என்றார் டிரைவர்.

இன்றைக்கும் அவர் எனக்கு போன் செய்தால் திரையில் வருவது அந்தப் படம்தான்.

புதுமனைப் புகுவிழா நன்றாக நடந்தது. பந்திக்கு வேண்டிய ஜமுக்காளமெல்லாம் மெத்தைக்கடை அக்கா வீட்டிலிருந்து வந்தது. சாரின் உறவுக்காரர்களை ஆவடியிலிருந்து ஏற்றி வந்தது டிரைவரின் ஆட்டோ. குடிவந்த கையோடு சார் வீட்டின் நாலு மூலையிலும் கேமரா வைத்தார். ஒரு வருஷமாகியும் அதில் ஒரு திருடன்கூட விழவில்லை என்று என்னைப் பார்க்கும்போதெல்லாம், ஏதோ நான் சரக்கைக் குறைத்துக் கொடுத்துவிட்டது போலச் சொல்லுவார். அந்தத் தெருவுக்கு அந்தக் கேமரா வேறு எதற்கெல்லாமோ பயன்படுகிறது. மீன்காரர் வந்துவிட்டாரா, சிலிண்டர் வண்டி எதிர்ச்சாரிக்குப் போனதா, தண்ணீர்க் குடத்தை மாற்றி எடுத்துப் போனது யார், எல்லாவற்றுக்கும் பெண்கள் வந்து அந்தம்மாவைத்தான் கேட்கிறார்கள். அந்தம்மா சமையலறையிலேயே ஒரு திரை போட்டுவைத்திருக்கிறார். மெத்தைக்கடை அக்காவின் பூனைகள் காணாமல் போனால் தேடிக் கண்டுபிடிப்பதும் அவர்தான்.

போன மாதம் ஒரு இளம் தம்பதி அதே தெருவில் ஒரு மாடி வீடு பார்க்க வந்தார்கள். தகவல் தொழில்நுட்ப வேலை, முதல் வீடு. கிளம்பும்போது வழக்கம்போல அந்தப் பெண் குரலைத் தாழ்த்திக் கேட்டாள். நான் சொல்வதைவிட நேராகவே பாருங்கள் என்று சார் வீட்டுக்குக் கூட்டிப் போனேன். சாருக்கு அன்று உற்சாகம் தாங்கவில்லை. ஒரு வாரத்துப் பதிவை ஓடவிட்டுக் காட்டினார். ராத்திரி முழுக்கத் தெருவில் ஒரு அந்நியன் கிடையாது, பாருங்கள் என்றார். உண்மைதான். சுவர் மேல் ஒரு பூனை, கேட்டுக்கு அடியில் ஒரு பூனை, டிரைவரின் ஆட்டோ கூரையில் மூன்று. அந்தம்மா ஒவ்வொன்றும் யார் வீட்டில் எத்தனை மணிக்குப் பால் குடிக்கும் என்று விளக்கினார். அந்தப் பெண் நன்றாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் கணவன் போன் செய்தான். தெரு ரொம்பப் பாதுகாப்பாக இருக்கிறது, அதில் சந்தேகமே இல்லை என்றான். ஆனால் அவன் மனைவிக்குப் பூனை என்றால் பயமாம். பூனை இல்லாத தெருவாக ஏதாவது இருக்கிறதா என்று கேட்டான்.

பார்த்துக்கொண்டிருக்கிறேன்.