சுகுணா அக்கா சந்தேகப்பட்ட கார்

சுகுணா அக்கா இறந்துவிட்டதாக எங்கள் திருநகர்த் தெருவின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தபோது நான் நம்பவில்லை. அனுப்பியவர், உயிரோடிருக்கும் நடிகர் ஒருவருக்கு அதே குழுவில் அஞ்சலி போட்டவர். "யார் சொன்னாங்க, அவங்க பாத்தாங்களா?" என்று அக்கா அவரிடம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறார். அதனால் அக்காவின் கணவர் மோகன்ராமுக்கே போன் செய்தேன். "நெசந்தான் தம்பி. காலைல எந்திரிக்கல" என்றார்.

இன்சூரன்ஸ் கம்பெனியில், விபத்துக்குள்ளான வண்டிகளுக்கு நஷ்டஈடு கேட்டு வருகிறவர்கள் சொல்வது உண்மையா என்று விசாரிப்பது அக்காவின் வேலை. ஓய்வு பெற்ற பிறகும் விசாரணை ஓயவில்லை. பால்காரர் முதல் மகளுக்கு வந்த வரன்கள் வரை யாரும் தப்பவில்லை. வீட்டுக்குள் அவர் கணவரைக் குறுக்கு விசாரணை செய்வது சுவர் தாண்டிக் கேட்கும். அவர்கள் வீட்டில் பேசும் சௌராஷ்டிரம் தெரியாத எனக்கே கேள்வி புரிந்துவிடும். எங்களில் பலர் அவருக்குப் 'போலீஸ் அக்கா' என்று பெயர் வைத்திருந்தோம். அது அவருக்கும் தெரியும்.

முன்பு ஒருமுறை, பேரையூரில் இருக்கும் என் பெரியப்பா மகன் பாண்டியின் பழைய காரை நான் வாங்கியிருந்தேன். சில நாட்களிலேயே மீட்டருக்குப் பக்கத்தில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரியத் தொடங்கியது. ஒர்க்‌ஷாப்பில் புகைக்குழாயில் இருக்கும் கன்வெர்ட்டர் போய்விட்டது, மாற்றியாக வேண்டும் என்றார்கள். போனட்டைக்கூடத் திறக்கவில்லை. வாசலில் நின்ற அக்காவிடம் இதைச் சொன்னேன்.

"திறக்காமலே எப்படித் தெரிஞ்சுச்சாம்?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார். தன் காருக்காக வாங்கி வைத்திருந்த, தீப்பெட்டி அளவு ஸ்கேனரோடு வந்தார். அதை ஸ்டீயரிங்குக்குக் கீழே செருகி, போனில் கோளாறுக் குறியீட்டைப் படித்தார். இன்ஜினுக்குள் கணக்கை மீறிக் காற்று போகிறது என்றது குறியீடு. கன்வெர்ட்டரைப் பற்றி அதில் ஒன்றுமில்லை. அப்படியே அழித்துவிடலாமே என்றேன். "அழிச்சா வெளக்குதான் அணையும். கோளாறு அங்கனயேதான் இருக்கும்" என்றார்.

பிறகு போனையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கார் தனக்குத்தானே செய்துகொள்ளும் சோதனைகளில் பல இன்னும் முடியாமல் கிடந்தன. அப்படியென்றால் சமீபத்தில் யாரோ அதன் நினைவை அழித்திருக்க வேண்டும், அநேகமாக விற்பதற்குச் சற்று முன்பு என்றார். என் கல்யாணத்துக்குப் பந்தல்கால் நட்டவன் பாண்டி. அவனைக் கேட்டுவிட என் போனை எடுத்தேன். அக்கா தடுத்தார். "சந்தேகப்படுங்க தம்பி. பாக்குறதுக்கு முன்னாடி பேசிராதீங்க."

இன்ஜினை ஓடவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, ஃபேனில் படாமல் தள்ளி நின்றார். ஒரு ரப்பர் டியூப்பின் முனையைக் காதில் வைத்து, மறுமுனையைக் காற்றுக் குழாய்களின் மேல் நகர்த்திக்கொண்டே போனவர், ஓரிடத்தில் நிறுத்தி டியூப்பை என்னிடம் தந்தார். உள்ளே சீறல் கேட்டது. கிளிப்புக்கு அடியில் குழாய் வெடித்திருந்தது. இன்ஜின் ஆறிய பிறகு புதுக் குழாய் வாங்கி அவரே மாட்டினார். அதற்கப்புறம்தான் குறியீட்டை அழித்தார். ஆனால் கழற்றிய குழாயின் வெடிப்பில் புழுதி அப்பியிருந்தது. இது நேற்று வெடித்ததல்ல என்றார். பாண்டி மீது எனக்கிருந்த சந்தேகம் இறுகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை அக்காவும் நானும் அந்தக் காரிலேயே பேரையூருக்குப் போனோம். விளக்கு எரியவில்லை.

முன்பு விளக்கு எரிந்ததா என்று அக்கா பாண்டியிடம் நேராகவே கேட்டார். எரிந்தது என்று தயங்காமல் ஒப்புக்கொண்டான். என் மனைவி நடுரோட்டில் நின்றுவிடக் கூடாதென்று, விற்குமுன் புது பேட்டரி போட்டானாம். அதோடு விளக்கும் அணைந்துவிட்டதாம். "பேட்டரிதான் கோளாறுன்னு நெனச்சேண்ணே" என்றான். நான் நம்பவில்லை. அக்காவும் நம்பாமல், பழைய பேட்டரியைக் காட்டச் சொன்னார். மோட்டார் ரூமிலிருந்து தூக்கி வந்தான். பக்கங்கள் உப்பி, முனைகளில் பச்சை பூத்திருந்தது. அக்கா காரின் போனட்டைத் திறந்து புது பேட்டரியையும் பார்த்தார். பேட்டரியைக் கழற்றினாலே காரின் நினைவு அழிந்துபோகும் என்று எனக்குச் சொல்லிவிட்டு, பாண்டியிடம் திரும்பினார்.

"நீங்கதான் ஏமாத்திட்டீங்கன்னு நெனச்சேன் தம்பி. தப்பு. அத உங்க மொகத்துக்கு நேராச் சொல்லணும்ல."

பாண்டி என்னைப் பார்க்காமல் அவரிடமே கேட்டான். "அண்ணனும் அப்பிடித்தான் நெனச்சாரா?"

"அவர்கிட்டயே கேளுங்க."

ஆமாம் என்றேன். அவன் உள்ளே போய், மூன்று டம்ளரில் மோர் கொண்டு வந்தான்.

அக்காவின் இறுதிச் சடங்குக்குப் பாண்டி மாலையோடு பஸ் பிடித்து வந்திருந்தான். மோகன்ராமுக்கு அவனை அடையாளம் தெரியவில்லை, யாரென்று விசாரித்தார். "அக்கா என்னய ஒருக்கா சந்தேகப்பட்டாங்க. வீடு தேடி வந்து பாத்துட்டு, தப்புன்னு அவங்களே சொன்னாங்க. அம்புட்டுதான் பழக்கம்" என்றான். அதுவரை அழாமலிருந்த மோகன்ராம் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

சந்தேகப்படுவதற்கு எனக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. அது அக்காவைவிட எனக்கு வேகமாகவே வரும். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அதற்குப் பிறகு செய்ய வேண்டியதை: போய்ப் பார்ப்பது, பார்த்ததை அந்த ஆளிடமே சொல்வது. இரண்டாவது இன்னும் எனக்குச் சரியாக வரவில்லை.