ஒன்பதாம் மாடி காரிடாரும் ஞானசேகரனின் பென்சிலும்

ஐம்பத்து மூன்று வயதில் ஞானசேகரனுக்குப் படம் வரையும் வெறி பிடித்ததற்கு ஒரு விமானம்தான் காரணம். சாங்கி விமான நிலையத்துச் சரக்குக் கிடங்கில் இருபத்து நான்கு வருஷமாக வேலை பார்க்கிறவர். விமானத்தின் வயிற்றை அவர் பார்த்த அளவுக்கு விமானிகளே பார்த்திருக்க மாட்டார்கள். ஓய்வு பெற்ற ஒருவருக்கு வாழ்த்து அட்டை கொடுத்தபோது, தன் கையெழுத்துக்குப் பக்கத்தில் ஆசையாக ஒரு விமானம் வரைந்தார். கூட வேலை பார்க்கும் இர்ஃபான் அட்டையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "அண்ணே, எதுக்கு இக்கான் பிலிஸ் வரைஞ்சிருக்கீங்க?" என்று கேட்டான்.

கேலியாகக் கேட்டிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை கொடுத்திருப்பார். பாவி, உண்மையாகவே கேட்டான். இருபத்து நான்கு வருஷ உழைப்பு, நாசி லெமாக் சோற்றில் தூவுகிற நெத்திலியாகிப் போனதை ஞானசேகரனால் ஜீரணிக்க முடியவில்லை.

அன்று முதல் போனில் வீடியோ பாடம். பாடம் நடத்துகிறவனோ படமே வரையச் சொல்லவில்லை. கோடு போடு என்றான். மணிக்கட்டை அசைக்காமல் தோளிலிருந்து கையை வீச வேண்டும். பென்சில் தாளில் படாமல் காற்றில் நாலு தடவை ஒத்திகை, ஐந்தாவது தடவை தயங்காமல் ஒரே இழுப்பு. ரப்பரைத் தொடவே கூடாது. தினமும் நூறு கோடு. ஞானசேகரன் பஸ்ஸில் உட்கார்ந்து ஒத்திகை பார்த்தால் பக்கத்து சீட்டுக்காரர்கள் எழுந்து போய்விடுவார்கள். அதுவும் வசதிதான், தோளுக்கு இடம் கிடைத்தது.

கோட்டுக்குப் பிறகு பெட்டி. பெட்டி அவருக்குப் பழகிய ஜென்மம். ஆனால் அதன் விளிம்புகளெல்லாம் தூரத்தில் ஒரே புள்ளியைப் பார்த்து ஓடுகின்றன என்று இத்தனை வருஷத்தில் எந்த சூப்பர்வைசரும் அவருக்குச் சொன்னதில்லை.

மனைவி கமலா பாலர் பள்ளி ஆசிரியை. நாலு வயசுப் பிள்ளைகள் எதைக் கிறுக்கினாலும் "சூப்பர்!" என்று கைதட்டுகிறவள், புருஷன் நோட்டை நீட்டினால் மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன, சாக்கடையா?" என்பாள். ஞானசேகரனுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். யாராவது ஒருத்தர் படத்தைப் பார்த்து, இது இன்னது என்று தானாகச் சொல்ல வேண்டும். அதற்காக இந்த உயிரைக்கூடக் கொடுப்பார் போலிருந்தது.

மூன்றாம் மாதம் பாடக்காரன், நீளமான ஒரு வழியைப் பார்த்து வரையச் சொன்னான். சிராங்கூனில் அவர்கள் இருந்த ஒன்பதாம் மாடி காரிடாரை விட நீளமான வழி எங்கே கிடைக்கும்? லீவு நாளில் வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். ஒரு கண்ணை மூடி, கையை நீட்டி, பென்சிலை நிமிர்த்திப் பிடித்து, கட்டைவிரலால் ஒவ்வொரு வீட்டு ஷூ ரேக்கையும் அளந்தார். வழியை மறிக்கும் சாமான்களை எடுக்கச் சொல்லி டவுன் கவுன்சில் நோட்டீஸ் லிப்ட் பக்கத்தில் ஒட்டியிருந்தது. அதை அவர் கவனிக்கவில்லை. மற்ற எல்லாரும் கவனித்திருந்தார்கள்.

முதலில் கோடிவீட்டு சைக்கிள் உள்ளே போயிற்று. அடுத்த லீவுக்குள் துணிக் கொடி, பழைய நாற்காலி எல்லாம் மாயம். வரையத் தொடங்கும்போது இருப்பது முடிக்கும்போது இல்லை என்று ஞானசேகரன் நொந்துகொண்டார். மூன்று வாசல் தள்ளி இருந்த பூவம்மாவின் கதவு வைத்த ஷூ ரேக்கும் பதினொரு பூச்சட்டிகளும் மட்டும் கடைசிவரை தாக்குப் பிடித்தன. அவற்றை அவர் முடித்த மறுநாள் அவையும் இல்லை.

அந்தச் சனிக்கிழமை தேக்கா மார்க்கெட்டுக்குப் பூவம்மா தனியாகப் போனாள். பதினெட்டு வருஷத்தில் கமலாவை விட்டுவிட்டுப் போனது அதுதான் முதல் தடவை.

"டவுன் கவுன்சிலுக்கு அளவெடுத்துக் குடுக்குறீங்களாம் லா! புளோக் பூரா பேச்சு," கமலா கண் கலங்கிக் கத்தினாள். "இப்பவே வாங்க. அந்த மொத மாச நோட்டைக் காட்டுங்க. அதைப் பாத்தா ஒருத்தரும் ரிப்போர்ட்டுனு சொல்ல மாட்டாங்க."

பூவம்மா வீட்டு ஹாலில் நடமாட இடமில்லை. ரேக் டிவியைப் பாதி மறைத்திருந்தது. அவள் கணவர் இராமசாமி கறிவேப்பிலைச் செடியை விலக்கிப் பிடித்துக்கொண்டு செய்தி பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞானசேகரன் பையில் இருந்த நோட்டுகளில் முதல் மாத நோட்டைத்தான் எடுக்கப் போனார். கை என்னவோ கடைசி நோட்டை நீட்டியது.

பூவம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். "இது எங்க ரேக்கு! பதினோரு சட்டியும் இருக்கே! அளந்து வெச்ச மாதிரி அப்படியே இருக்கு. இதுக்கு மேல என்னப்பா சாட்சி வேணும்?"

ஞானசேகரனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "நிஜமாவே தெரியுதாக்கா?" என்று பல்லைக் காட்டினார்.

கமலா அவர் முழங்கையில் கிள்ளினாள். "அக்கா, அவருக்கு வரையவே தெரியாது. சும்மா கிறுக்குனது. என்னங்க, சொல்லுங்க."

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். ஆமாக்கா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், விஷயம் முடிந்துவிடும்.

"இல்லக்கா," என்றார். "பாத்துப் பாத்துத்தான் வரைஞ்சேன். மூணு மாசமாப் பழகுறேன். யாருக்கும் குடுக்க இல்ல, எனக்கே எனக்குத்தான்." பிறகு அந்தத் தாளை நோட்டிலிருந்து கிழித்தார். "இது ஒண்ணுதான் இருக்கு. நீங்களே வெச்சுக்குங்க. அப்ப வேற எங்கயும் போகாதில்ல?"

பூவம்மா தாளைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள். தாளை நாலாக மடித்துப் பர்சில் வைத்துக்கொண்டாள். "சரி சரி. ரேக்கு கனமா இருக்கு, ஒரு பக்கம் பிடி," என்றாள்.

நாலு பேருமாக ரேக்கை மறுபடி காரிடாரில், வழிவிட்டுச் சுவரோடு ஒட்டி வைத்ததும் ஞானசேகரனும் கமலாவும் திரும்பினார்கள். தாள் கிழிந்த நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர் நடந்தார். வீட்டு வாசலுக்கு வந்ததும் கமலா நின்றாள்.

"அந்த ரேக்குல மூணாவது கதவு கொஞ்சம் கோணல். நீங்க அதையும் போட்டிருந்தீங்க."

"நீ எப்பப் பாத்தே?"

"நீங்க கிழிக்கும்போதுதான். அதுக்கு முன்னாடி நான் எதையும் ஒழுங்காப் பாக்கல."

ஞானசேகரனுக்கு அழுகை வந்துவிட்டது. செருப்பைக் கழற்றுகிற சாக்கில் குனிந்துகொண்டார்.