தொண்டை டாக்டர்

ஊசி போட ஆரம்பித்து மூன்றாவது மாதம் என் குரல் உடைந்தது. அப்போது எனக்கு இருபத்தாறு வயது. என்னைப் பெண் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். நான் ஆண் என்பது எனக்குப் பள்ளிக்கூட நாட்களிலேயே தெரியும். மனநல மருத்துவர் ஒருவரிடம் ஒரு வருஷம் போய், சிகிச்சை தொடங்கலாம் என்று கடிதம் வாங்கி, அதன் பிறகுதான் ஆண் ஹார்மோன் போட்டுக்கொண்டிருந்தேன். வங்காளத்தில், டாக்குரியாவில் என்னோடு ஒரே வீட்டில் இருந்த அப்பாவுக்கும் அம்மாவுக்கும் இதெல்லாம் தெரியாது.

அப்பா காலை எட்டு மணிக்கே கார்டன் ரீச் ரயில்வே ஆபீசுக்குக் கிளம்பிவிடுவார். அம்மாவைச் சமாளிப்பதுதான் கஷ்டம். தொண்டை கட்டியிருக்கிறது என்றேன். ஒரு வாரமாகியும் குரல் சரியாகவில்லை. சுக்குக் கஷாயம் வந்தது. எதிர் ஃப்ளாட்டில் நாங்கள் மாஷிமா என்று கூப்பிடும் வங்காளி மாமி துளசியும் தேனும் கொடுத்தனுப்பினார். எல்லாவற்றையும் குடித்தேன். ஃபோன் அடித்தால் பாத்ரூமுக்குள் போய்விடுவேன். சாப்பாட்டு நேரத்தில் தலையை மட்டும் ஆட்டினேன்.

ஒரு சனிக்கிழமை அம்மா வெளியே போகும் புடவையில் வந்து நின்றாள்.

"கிளம்பு. கரியாஹாட்ல தொண்டை டாக்டர்கிட்ட பேர் குடுத்திருக்கேன்."

"ஒண்ணுமில்லம்மா, சரியாயிடும்."

"உங்க பெரிய மாமாவுக்கும் இப்படித்தான் கம்மிக்கிட்டே இருந்துது. காட்டினப்போ புத்துநோய். பேசாம வா."

மாட்டிக்கொள்வேனோ என்று மூன்று மாதமாக நான் பயந்திருந்தேன். அதே வீட்டில் அவளும் பயந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியவில்லை.

டாக்டர் என் நாக்கைத் துணியால் பிடித்து இழுத்து, சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தார். கட்டி ஏதும் இல்லை என்று வங்க மொழியில் சொன்னார். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். அவர் என் மோவாயைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு இங்கிலீஷில் கேட்டார், ஹார்மோன் ஏதாவது எடுத்துக்கொள்கிறாயா என்று. பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஆமாம்" என்றேன்.

அம்மா எனக்கு முன்னால் படியிறங்கினாள். தெருவில், துணிக்கடைகளுக்கு நடுவே நின்றாள்.

"என்ன ஹார்மோன்?"

"ஆம்பளைங்களுக்கு இருக்கறது. நானா விரும்பித்தான் போட்டுக்கறேன். நான் ஆம்பளைம்மா."

"அப்போ புத்துநோய் இல்லையே?"

"இல்ல."

"சத்தியமா?"

"சத்தியமா."

என் முதுகில் ஓங்கி அடித்தாள். இன்னொன்று. பிறகு அங்கேயே அழுதாள். கடைக்காரர் ஸ்டூலை நகர்த்திப் போட்டார், அவள் உட்காரவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் அப்பாவிடம், "தொண்டைல ஒண்ணுமில்லையாம்" என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவாள். ஊருக்குக் கடிதம் எழுதி யாரையாவது வரவழைப்பாளோ என்று ஒவ்வொரு நாளும் நெஞ்சு அடித்துக்கொண்டது. இரண்டு வாரத்துக்கு மேல் இப்படியே போனது. ஒருநாள் சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"அந்த ஊசி புதுசாப் பிரிக்கறாங்களான்னு பார்த்தியா?"

"பார்த்தேன்."

"நீ எங்க பார்த்திருப்ப. அடுத்த தடவை நானும் வரேன்."

வந்தாள். நர்ஸ் உறையைப் பிரிக்கும்போது பக்கத்திலேயே நின்றாள். அப்பாவிடம் சொல்ல எங்கள் இரண்டு பேருக்கும் இன்னும் ஒரு வருஷம் பிடித்தது. அவர் என்னோடு மறுபடி பேச, அதற்குப் பின் நாலு வருஷம்.