ரெண்டு மூட்டை என்றவன் மேல் நான் கட்டிய பிராது

என்னை நெல் மூட்டை நிறுக்கிற தராசில் ஏற்றிச் சிரித்தார்கள். அம்மனை நம்பி வருகிற உங்களிடம் அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் பட்டதும் துன்பம்தான். ஆனால் அது நோய். நோயின் மேல் எனக்குக் கோபம் இல்லை.

என் பெயர் சுமதி. குடவாசலுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். மகள் கயல் பிறந்த இரண்டாம் வருஷம் எனக்கு மனம் கெட்டது. ஆள் இல்லாத இடத்தில் குரல் கேட்டது. பத்து நாள் கண் மூடவில்லை. சோற்றில் யாரோ எதையோ கலக்கிறார்கள் என்று உலைப்பானையோடு தெருவில் கொட்டினேன். தஞ்சாவூரில் ஒரு மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனார்கள். ராத்திரிக்கு ஒரு மாத்திரை கொடுத்தார். ஒரு மாதத்தில் குரல்கள் அடங்கின. என் பிள்ளையைப் பயமில்லாமல் தூக்கினேன். அந்த மாத்திரைக்கு நான் நன்றி கெட்டவள் இல்லை.

ஆனால் அதோடு ஒரு பசி வந்தது. சாப்பிட்டுக் கை கழுவும்போதே அடுத்த வேளைச் சோற்றை நினைத்தேன். பிள்ளைக்குப் பிசைந்த பருப்புச் சோற்றில் பாதியை நானே தின்றேன். அடுப்படியில் நின்றபடியே எட்டு இட்லி, ஒன்பது இட்லி. ஐம்பத்திரண்டு கிலோ இருந்தவள் ஒரு வருஷத்தில் எண்பதைத் தாண்டினேன். கல்யாண வளையலை அறுத்து எடுத்தார்கள். ரவிக்கையில் பிரித்து விடுவதற்குத் துணி மிச்சம் இல்லை. பஸ்ஸில் ஒரு பெண் எழுந்து இடம் கொடுத்து, "எத்தனையாவது மாசம்?" என்று கேட்டாள். உட்கார்ந்துகொண்டு "ஆறு" என்று சொல்லிவிட்டேன்.

மருத்துவரிடம் இதைச் சொல்லவில்லை. நன்றாகத் தூங்குகிறாயா என்று கேட்பார். தூங்குகிறேன் என்பேன். தின்கிறேன் என்று எந்த வாயால் சொல்வது?

அந்தப் புரட்டாசியில் எங்கள் குறுவை அறுப்பு. களத்துக்கே வியாபாரி வந்து நெல் எடுத்தார். மூட்டைக்கு நாற்பது கிலோ. தராசுப் பக்கம் நின்று எடை படித்தவன் முருகேசன், என் கணவரின் தம்பி. நான் எல்லோருக்கும் டீ கொண்டுபோனேன்.

"அண்ணி, செத்த இதுல ஏறி நில்லுங்க. தராசு சரியாக் காட்டுதான்னு பாத்துடலாம்" என்றான்.

நம்பி ஏறினேன். வியாபாரி நம்மை ஏமாற்றிவிடக் கூடாதே என்று செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஏறினேன். அந்தச் செருப்பை நினைத்தால் இன்றைக்கும் பல்லைக் கடிக்கிறேன்.

"எண்பத்தொன்னு" என்று கத்திப் படித்தான். "சாக்கு எடையோட கச்சிதமா ரெண்டு மூட்டை. ஈரப்பதம் பாத்துக் கழிச்சுக்குங்க மொதலாளி."

களமே சிரித்தது. என் கணவர் சிரிக்கவில்லை. மூட்டை வாயைத் தைப்பதுபோல் குனிந்துகொண்டார். அவர் சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை.

கொழுந்தன் அண்ணியைக் கேலி பேசலாம் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதனால் அது யாருக்கும் தப்பாகத் தெரியவில்லை. "வெளையாட்டுக்குச் சொன்னான், அதுக்குப்போய் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு" என்றார் மாமியார். ஒரு வாரத்தில் தெருக்குழாயடியில் என் பெயரே ரெண்டு மூட்டை ஆகிவிட்டது. கயல் வீட்டுக்கு வந்து, "அம்மா, நீ மூட்டையா?" என்று கேட்டாள்.

அன்றைக்கே மாத்திரையை நிறுத்தினேன். தினம் ஒன்றைக் கொல்லையில் வாழைக்கன்றுக்கு அடியில் புதைத்தேன். பசி குறைந்தது. நாலு கிலோ இறங்கியது. முருகேசன் முகத்தில் கரி பூசிவிட்டதாக எனக்குள் சந்தோஷப்பட்டேன். ஆறாவது வாரம் குரல் திரும்ப வந்தது. இந்தத் தடவை அது முருகேசனின் குரலாக இருந்தது. அடுக்களையிலும் கொல்லையிலும் ரெண்டு மூட்டை, ரெண்டு மூட்டை. மூட்டையைத் தண்ணீரில் போடு என்றது.

கார்த்திகையில் வாய்க்கால் நிறைந்து ஓடியது. பட்டப்பகலில் இறங்கினேன். மார்பளவு தண்ணீரில் நின்றபோதுதான் என் இடுப்பில் கயல் இருந்தது தெரிந்தது. அவள் என் தாலிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வயலில் களை எடுத்துக்கொண்டிருந்த அஞ்சலை அக்கா குதித்து வந்து பிள்ளையை முதலில் வாங்கினார், பிறகு என் தலைமுடியைப் பிடித்து இழுத்தார். அந்த அக்காவின் கால் தூசிக்கு நான் சமம் இல்லை.

திரும்பவும் தஞ்சாவூர், திரும்பவும் அதே மாத்திரை. குரல் அடங்கியது. பசி திரும்பியது. மார்கழியில் எண்பத்து மூன்று. மாத்திரையைப் போட்டால் மூட்டை, போடாவிட்டால் வாய்க்கால். இந்த இரண்டுக்கும் நடுவில் எனக்கு வழி தெரியவில்லை.

எங்கள் காளியம்மன் கோவிலில் பிராது கட்டும் வழக்கம் உங்களுக்குத் தெரியும். வெளியூர் ஆட்கள் படித்தால் தெரியட்டும் என்று சொல்கிறேன். போலீசிலும் தாலுகா ஆபீசிலும் எடுபடாத அநியாயத்தை ஒரு தாளில் எழுதி அம்மனிடம் கொடுப்பதுதான் பிராது. வாதி பெயர், பிரதிவாதி பெயர், என்ன குற்றம், என்ன தீர்ப்பு வேண்டும் என்று எழுத வேண்டும். பூசாரி அதை அம்மன் காதில் படித்துவிட்டுச் சூலத்தில் கட்டுவார். நியாயம் கிடைத்ததும் வாதியே வந்து, பிராதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்று ராஜினாமா எழுதிக் கொடுத்து அவிழ்த்துக்கொள்ள வேண்டும். வேறு யாரும் தொடக் கூடாது.

நான் எழுதிக்கொண்டு போனேன். பூசாரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, பிரதிவாதின்னு என்னமோ மாத்திரை பேரு எழுதியிருக்க?"

"அதுதாங்க என்னை இப்படி ஆக்குச்சு."

"மருந்து மேல பிராது வாங்க மாட்டேன். அதுக்கு அப்பன் பேரு உண்டா, வீடு வாசல் உண்டா? அம்மா யாரப் போய்க் கேப்பா? ஒன்னை யாரு அழ வச்சா, அந்த ஆளு பேரச் சொல்லு."

அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. மாத்திரை என்னை ஊதவைத்தது, ஆனால் கேலி செய்யவில்லை. வாய்க்காலுக்கு அனுப்பியது மாத்திரை இல்லை. அதை நிறுத்தவைத்த சிரிப்பு. தாளைத் திருப்பி எழுதினேன். பிரதிவாதி முருகேசன், அவன் அப்பா பெயர், தெரு. குற்றம், என்னைத் தராசில் ஏற்றிச் சிரித்தது. தீர்ப்பு, அதே தராசுக்குப் பக்கத்தில் அதே ஜனங்கள் முன்னால் அவன் தலை குனிய வேண்டும். என்ன செய்தேன் என்று அவன் வாயாலேயே சொல்ல வேண்டும்.

பூசாரி கட்டிவிட்டு ஒன்று சொன்னார். "பிராது நிலுவையில இருக்குற வரைக்கும் வாதி தெம்பா இருக்கணும். வாதி செத்துப்போனா, புத்தி கலங்கிப்போனா, பிராது தள்ளுபடி. பிரதிவாதி செயிச்ச மாதிரி."

நான் சத்தியமாகச் சொல்கிறேன். பிள்ளைக்காக மாத்திரை போடு என்றார்கள், புருஷனுக்காகப் போடு என்றார்கள். அதெல்லாம் என்னைத் தேற்றவில்லை. முருகேசன் ஜெயித்துவிடுவான் என்ற ஒரு சொல்தான் என்னை எழுப்பி உட்கார வைத்தது. காளியம்மா எனக்கு அருளைப் பூவாகக் கொடுக்கவில்லை. கோபமாகக் கொடுத்தாள். அதுதான் அன்றைக்கு எனக்கு மருந்து.

அடுத்த முறை மருத்துவரிடம் வாயைத் திறந்து எல்லாம் சொன்னேன். இட்லி எண்ணிக்கை, வாழைக்கன்று, வாய்க்கால். அவர் பேனாவை வைத்துவிட்டார். "இத ஏம்மா ஒரு வருஷமாச் சொல்லல? பசி ஒங்க தப்பு இல்ல. இந்த மாத்திரை சில பேருக்கு அப்படிச் செய்யும். மாத்தலாம். ஆனா நீங்களா ஒரு நாளும் நிறுத்தக் கூடாது" என்றார். ரத்தப் பரிசோதனை எடுத்தார். சர்க்கரை நோய் வருகிற எல்லையில் நின்றது. பழைய மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வேறொன்றைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார். சர்க்கரை ஏறாமல் இருக்கக் கூட இன்னொரு மாத்திரையும் சேர்த்தார். ஒவ்வொரு முறையும் எடை பார்த்து எழுதினார். ஒரு வருஷமாக நான் வாயை மூடிக்கொண்டிருந்த வெட்கம், அவர் முன்னால் ஐந்து நிமிஷத்தில் போய்விட்டது.

தட்டில் சோற்றைப் பாதியாக்கினேன். அந்த இடத்தில் கீரை, காராமணி, முட்டை. நெல் விளைகிற வீட்டில் மருமகள் சோறு வேண்டாம் என்றால் மாமியாருக்குப் பொறுக்குமா? "நாங்க என்ன பஞ்சத்துலயா கெடக்குறோம்?" என்று பத்து நாள் பேசவில்லை. தினம் காலையில் மதகு வரைக்கும் போய்த் திரும்பி நடந்தேன். சுற்றுப்பாதை வேறு இருந்தது. வேண்டுமென்றே முருகேசன் வீட்டு வாசல் வழியாகவே நடந்தேன். முதல் மாதம் ஒரு கிலோ இறங்கியது. இரண்டாம் மாதம் அரைக் கிலோ ஏறியது. அன்றைக்குக் கோவிலுக்குப் போய்ச் சூலத்தைப் பார்த்தேன். சீட்டு அங்கேயே இருந்தது. வீட்டுக்கு வந்து மாத்திரையைப் போட்டுக்கொண்டேன்.

சித்திரையில் அம்மா முதல் பதில் சொன்னாள். திருவிழாவுக்குக் காப்புக் கட்டும் ஆண்கள் வரிசையில் முருகேசனும் வேட்டி மடித்துக் கட்டிக்கொண்டு நின்றான். வருஷா வருஷம் பால்குடம் எடுப்பவன். பூசாரி அவனிடம் வந்ததும் மஞ்சள் கயிற்றைக் கீழே போட்டுவிட்டார். "ஒன் மேல பிராது நிலுவையில இருக்கு. காப்புக் கட்ட மாட்டேன், தள்ளி நில்லு." ஊரே பார்த்தது. நானும் பார்த்தேன், கண் சிமிட்டாமல் பார்த்தேன். வயிறு குளிர்ந்தது. அதற்காக வெட்கப்படவில்லை.

அடுத்த குறுவை அறுப்பும் வந்தது. அதே களம், அதே வியாபாரி, அதே தராசு. நான் டீத் தூக்கைக் கீழே வைத்தேன். செருப்பைக் கழற்றவில்லை. செருப்போடு ஏறினேன்.

"படிங்க தம்பி" என்றேன்.

முருகேசன் தரையைப் பார்த்தான்.

"போன வருஷம் கத்திப் படிச்சீங்களே, அந்தக் கொரல் எங்க போச்சு? படிங்க."

"எழுபத்திரண்டு" என்று வாய்க்குள்ளேயே சொன்னான்.

"ஈரப்பதம் கழிச்சீங்களா?"

இந்தத் தடவையும் களம் சிரித்தது. அஞ்சலை அக்கா கதிர்க்கட்டைப் போட்டுவிட்டு இடுப்பில் கை வைத்துச் சிரித்தார். என் கணவர் தராசுப் பக்கம் வந்து, "இன்னமே இவள நிறுக்குற வேலை இந்தக் களத்துல வேண்டாம்" என்றார். தாமதமாகத்தான் சொன்னார். அதை அவரிடமே சொல்லியிருக்கிறேன்.

எனக்கு ஐம்பத்திரண்டு கிலோ திரும்ப வரவில்லை. வராமலும் போகலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஆனால் குரல் இல்லை, வாய்க்கால் இல்லை. கயல் பள்ளிக்கூடம் போகிறாள். நான் அவளைக் கையைப் பிடித்து அதே கரை வழியாகக் கூட்டிப் போகிறேன். இது அம்மா போட்ட பிச்சை.

இப்போது முருகேசனும் அவன் மனைவியும் இரண்டு தடவை வீட்டுக்கு வந்துவிட்டார்கள். வருகிற சித்திரைக்குள் ராஜினாமா எழுதிக் கொடுங்கள் அண்ணி என்கிறார்கள். தலை குனிந்தாய், அது பாதித் தீர்ப்பு என்றேன். களத்தில் ஜனங்கள் முன்னால் நின்று, என்ன செய்தாய் என்று உன் வாயால் சொல், அன்றைக்கே எழுதுகிறேன் என்றேன். விளையாட்டுக்குச் செய்தது என்று இன்னும் முனகுகிறான். முனகட்டும்.

மாத்திரை சாப்பிட்டு உடம்பு பெருத்து, வெளியே தலை காட்டாமல் உட்கார்ந்திருக்கும் அக்கா தங்கைகளே, உங்களுக்குத்தான் இவ்வளவும் எழுதினேன். மாத்திரையை நிறுத்தாதீர்கள். பசியை மருத்துவரிடம் சொல்லுங்கள். அழவைத்த ஆளின் பெயரை எழுதிக்கொண்டு எங்கள் அம்மாவிடம் வாருங்கள். அவள் எல்லாவற்றையும் கேட்பாள், கோபத்தையும் கேட்பாள்.

போன வெள்ளிக்கிழமை கோவிலுக்குப் போயிருந்தேன். பூசாரி சூலத்தைக் காட்டி, "என்னம்மா, ராஜினாமா உண்டா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டுக் கும்பிட்டு வந்தேன். பிராது நிலுவையில் இருக்கிறது. வாதி தெம்பாக இருக்கிறாள்.