பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜ்

போன வருடம் கத்திரி வெயில் நேரம். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பின்னால் உள்ள லைன் வீடுகளில் நடந்தது இது. நான் வீடு வீடாகப் போய் சர்க்கரை, பிரஷர் பார்க்கும் நர்ஸ். அந்த வரிசையில் ஒரே ஒரு அக்கா வீட்டில்தான் ஃபிரிட்ஜ் உண்டு. இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் எல்லாரும் மருந்து பாட்டிலை அவரிடம்தான் கொடுத்து வைப்பார்கள். அவரும் முகம் சுளிக்காமல் வைத்திருப்பார்.

அன்று காலை நான் போனபோது, இரும்பு ஆலையில் லோடு ஏற்றி ஓய்ந்த பெரியவர் ஒருவர் தொப்பலாக வியர்த்து, சம்பந்தமில்லாமல் பேசிக்கொண்டிருந்தார். "வெயிலுக்கு இப்டி கீறாரு" என்றார் அவர் மனைவி. எனக்கு அது வெறும் வெயிலாகத் தெரியவில்லை. விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை அதலபாதாளத்தில் இருந்தது. விழுங்குகிற அளவுக்கு நினைவு இருந்ததால் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தேன். நல்லவேளை, கண் தெளிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோ சொன்னோம்.

ஆட்டோ வருவதற்குள், காலையில் அவருக்குப் போட்ட இன்சுலின் பாட்டிலைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். அவருடையது குலுக்கினால் பால் மாதிரி கலங்கும். இதுவோ எவ்வளவு குலுக்கியும் தண்ணீராகவே இருந்தது. வேறொருவருடைய, சீக்கிரம் வேலை செய்கிற மருந்து. "கதவுல மொத பாட்டிலு எங்களுது. எப்பவும் அங்கதான் இருக்கும்" என்றார் மனைவி, அழுதுகொண்டே. அங்கே எல்லாருக்கும் இடம்தான் அடையாளம். முந்தின நாள் அந்த அக்கா ஐஸைக் கரைத்து, ஃபிரிட்ஜைத் துடைத்து, பாட்டில்களை இடம் மாற்றி வைத்துவிட்டார்.

பெரியவரை ஆட்டோவில் ஏற்றியனுப்பியதும், கூட்டம் அக்காவைப் பிடித்துக்கொண்டது. அவருக்கும் ரோஷம் வந்துவிட்டது. "இன்னாத்துக்கு எனக்கு இந்தப் பேஜாரு? அவங்கவங்க மருந்த எத்துக்கினு போங்க" என்று ஃபிரிட்ஜ் கதவைத் திறந்தே வைத்துவிட்டார். எனக்கு அதுதான் பெரிய பயம். கல்நார் ஷீட் போட்ட அந்த வீடுகளில், அந்த வெயிலில், மருந்து எத்தனை நாள் தாங்கும்?

மேற்பார்வையாளருக்குப் போன் போட்டேன். "ஆள்தான் பொழைச்சிட்டாரே, பெருசு பண்ணாதம்மா" என்றார். கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இன்று இவர் பிழைத்தார், நாளைக்கு யார்? நான் விடுவதாக இல்லை. அவரையும் தாண்டி எங்கள் டாக்டரிடமே சொன்னேன்.

அந்த வாரமே டாக்டர் வந்து, எல்லாரையும் உட்கார வைத்தார். "யார் பண்ணாங்கன்னு எனக்கு வேணாம். எப்படி ஆச்சுன்னு மட்டும் சொல்லுங்க" என்றார். அதுவரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த அக்கா அப்போதுதான் திரும்பி, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். கடைசியில் அவரே கறாராக ஒரு கண்டிஷன் போட்டார். "ஆளுக்கொரு டப்பா, மேல போட்டோ. இல்லாங்காட்டி என் ஃபிரிட்ஜ்ல எடமில்ல."

வீட்டுக்குப் போனால் மருந்து இருக்கும் இடத்தையும் திறந்து பார்க்க வேண்டும் என்பது இப்போது எளாவூர் வரை உள்ள நர்ஸ்கள் எங்கள் எல்லாருக்கும் வேலையாகிவிட்டது. பெரியவர் நன்றாக இருக்கிறார். ஃபிரிட்ஜுக்குள் தன் போட்டோவைப் பார்த்து, "நான் மட்டும் குளுகுளுன்னு கீறேன்" என்று சிரிக்கிறார்.

இப்போதும் எங்காவது தப்பு நடந்து, யார் செய்தது என்று கேட்க வாய் வரும்போதெல்லாம், அன்று அந்த அக்கா ஒரேயடியாகச் சாத்தியிருக்கக்கூடிய அந்தக் கதவை நினைத்துக்கொண்டு, எப்படி நடந்தது என்றுதான் கேட்கிறேன்.